“எங்க தாத்தா பீடி குடிச்சே தொண்ணூறு வயசு இருந்தாரே டாக்டர்?”

1/ “தினம் ஒரு கட்டு பீடி. கடைசி வரைக்கும் கல்லு மாதிரி இருந்தார். இதுக்கு என்ன சொல்றீங்க?”

ஓபியில புகையை விடுங்கன்னு சொன்னதும் வர்ற முதல் கேள்வி இது. அடி அண்ணாமலை டீக்கடையில நின்னாலும் இதே கேள்விதான். நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ தாத்தா கதை பொய் இல்லை. புகைக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வர்றதில்லை. ஒரே பீடி, ஒரே அளவு, ஒரே வருஷக் கணக்கு. ஒருத்தருக்கு வருது, பக்கத்து வீட்டுக்காரருக்கு வரல. ஏன்? பல காரணங்கள் உண்டு. அதுல ஒண்ணு, நம்ம டிஎன்ஏவை பழுது பார்க்கிற என்சைம்கள். பள்ளிக்கூடப் புத்தகத்துல நொதின்னு படிச்சிருப்பீங்க.

3/ சிகரெட் புகையில 7,000க்கும் மேற்பட்ட ரசாயனங்கள். அதுல சுமார் 70 புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. இவை டிஎன்ஏவில் இருக்கிற எழுத்துக்களைக் கெடுக்கும். உதாரணமா ‘ஜி’ங்கிற எழுத்து கெட்டுப்போனா, செல் பிரியும்போது அந்த இடத்துல ‘டி’ன்னு தப்பா நகல் ஆகிடலாம். முக்கியமான மரபணுக்கள்ல இப்படித் தப்புகள் சேரச் சேர, புற்றுநோய் ஆரம்பிக்கும்.
ஓஜிஜி1ன்னு ஒரு என்சைம், கெட்ட எழுத்தைக் கண்டுபிடிச்சு வெட்டி எடுத்துடும். மத்த என்சைம்கள் சரியான எழுத்தை வச்சு அடைச்சுடும்.

4/ நம்ம ஊர் பாஷையில சொல்றேன். பௌர்ணமிக்கு கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரும் ஜனம். மறுநாள் தூய்மைப் பணியாளர்கள் இறங்கி சுத்தம் பண்றாங்க. மாசம் ஒருநாள்ங்கிறதால சமாளிக்கிறாங்க. தினமும் பௌர்ணமின்னா? ஆள் குறைவா இருக்கிற பக்கம் குப்பை முதல்ல தேங்கும். ஆள் அதிகமா இருக்கிற பக்கமும் ஒருநாள் திணறும்.
புகைக்கிறவங்க நுரையீரல்ல தினமும் பௌர்ணமிதான்.

5/ 2003ல இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவன ஆராய்ச்சியாளர்கள், நுரையீரல் புற்றுநோய் வந்த 68 பேர், வராத 68 பேர் ரத்தத்துல இந்த என்சைம் எவ்வளவு வேலை செய்யுதுன்னு அளந்து பார்த்தாங்க. வேலைத்திறன் குறைஞ்ச மூணுல ஒரு பங்குக்கு, அதிகமா இருந்த மூணுல ஒரு பங்கை விட, புற்றுநோய் அபாயம் கிட்டத்தட்ட 5 மடங்கு. சின்ன ஆய்வுதான். ஆனா தாத்தா எப்படித் தப்பிச்சிருக்கலாம்ங்கிறதுக்கு ஒரு துப்பு கிடைக்குது.

6/ “அப்போ எனக்கும் அந்த டெஸ்ட் எடுங்க. நல்லா இருந்தா குடிச்சுக்கறேன்.”
இந்த இடத்துலதான் நான் உங்களோட மோதுறேன். அந்த டெஸ்ட் நம்ம லேப்கள்ல வழக்கத்துல இல்லை. நாளைக்கே வந்தாலும் அதைப் புகைக்க லைசன்ஸா எழுதித் தரக் கூடாதுங்கிறது என் கருத்து. மாரடைப்பு, பக்கவாதம், மூச்சிரைப்பு, டிபி, இதுக்கெல்லாம் ஓஜிஜி1 காவல் நிக்காது.

7/ டிபி எங்கிருந்து வந்துச்சு? அதே 2003ல வெளியான ஆய்வு, நம்ம சென்னையிலயும் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்திலயும் எடுத்தது. டாக்டர் வேந்தன் கஜலட்சுமி குழு, இறந்துபோன 43,000 ஆண்களோட புகைப்பழக்கத்தை, உயிரோட இருந்த 35,000 பேரோட ஒப்பிட்டாங்க. பீடி, சிகரெட் குடிச்சவங்க டிபியால சாகிற வாய்ப்பு நாலு மடங்குக்கும் மேல. “பீடி இலைதானே, ஒண்ணும் பண்ணாது”ன்னு இனிமே சொல்லாதீங்க.

8/ தாத்தா தப்பிச்சதால கதை சொல்ல ஆள் இருக்கு. நாற்பத்தெட்டு வயசுல போனவர் டீக்கடைக்கு வந்து வாதாட மாட்டார். அவர் கதை அவர் வீட்டம்மாவுக்கும், படிப்பை நிறுத்திட்டு வேலைக்குப் போற பையனுக்கும் மட்டும்தான் தெரியும்.
பிரிட்டனில் 34,439 ஆண் டாக்டர்களை 50 வருஷம் தொடர்ந்து பார்த்தாங்க. புகைச்சவங்க சராசரியா 10 வருஷம் முன்னாடியே போயிட்டாங்க.

9/ அதே ஆய்வுல நல்ல செய்தியும் இருக்கு. 60 வயசுல விட்டா சுமார் 3 வருஷம் திரும்பக் கிடைக்குது. 50ல விட்டா 6, 40ல விட்டா 9, 30ல விட்டா கிட்டத்தட்ட முழு 10. “இத்தனை வருஷம் குடிச்சாச்சு, இனி விட்டு என்ன?”ங்கிறதுக்கு இதான் பதில்.

10/ விடணும்னு நினைச்சா 1800-11-2356, இலவச அழைப்பு. தனியா முடியலன்னா வெட்கப்படாம டாக்டர்கிட்ட வாங்க, நிகோடின் சூயிங்கம் மாதிரி உதவிகள் இருக்கு. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், சளியில ரத்தம், காரணமில்லாம எடை குறையுதுன்னா உடனே ஜி.எச். வந்துடுங்க. பல பேர் ஆபரேஷன் பண்ணக்கூடிய கட்டம் தாண்டின பிறகுதான் வர்றாங்க.

11/ கடைசியா ஒரு வேண்டுகோள். விட முயற்சி பண்ற ஒருத்தர் முன்னாடி தாத்தா கதையைச் சொல்லாதீங்க. தாத்தாகிட்ட இருந்து பீடிப் பழக்கம் சுலபமா வந்துடும். அவரோட உடம்பும் வந்திருக்கான்னு குடிச்சுப் பார்த்துத் தெரிஞ்சுக்கிற சோதனை நமக்கு வேண்டாம்.