தனிப் போட்டி எதற்கு?

கனடாவில் ஆண்டுதோறும் ஓர் ஐஸ் ஹாக்கிப் போட்டி நடக்கிறது. பெயர், தேசியப் பூர்வகுடி ஹாக்கி சாம்பியன்ஷிப். முதல் குடிகள், இனுயிட், மெத்தி ஆகிய பூர்வகுடிச் சமூகங்களைச் சேர்ந்த பதின்வயதினர் தத்தம் மாகாண, வட்டார அணிகளுக்காக இதில் ஆடுகிறார்கள். ஆண்களுக்கும் உண்டு, பெண்களுக்கும் உண்டு. 2002இல் மோஹாக் மக்களின் மண்ணான அக்வெசாஸ்னியில் தொடங்கிய இப்போட்டி, இன்றும் நடந்துவருகிறது.

இப்படி ஒரு போட்டி என்றதும் எழும் கேள்வி நமக்கு மனப்பாடம். "விளையாட்டில் என்ன இனம்? திறமை இருந்தால் பொது அணியில் ஆடட்டுமே. தனியாக நடத்தினால் பிரிவினைதானே வளரும்?" இரண்டு சொற்களை மாற்றினால், நம் கல்லூரி வளாகங்களில் இடஒதுக்கீட்டுக்கு எதிராகக் கேட்கப்படும் அதே கேள்வி. இதற்கான பதில் ஐஸ் ஹாக்கியின் வரலாற்றிலேயே இருக்கிறது.

மட்டையிலிருந்து தொடங்கலாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கனடாவில் பெயர்பெற்ற ஹாக்கி மட்டைகள், நோவா ஸ்கோஷியாவின் மிக்மாக் பூர்வகுடிகள் கையால் செதுக்கியவை. மரம் வேரோடு சேரும் இடத்தின் இயல்பான வளைவைப் பார்த்து, ஒரே துண்டாக மட்டையைச் செதுக்கி எடுப்பார்கள். அவர்களின் பெயரையே வணிகப் பெயராக்கி ஒரு நிறுவனம் மட்டை விற்றது. பெயர் விலைபோனது, பெயருக்குரிய மக்களோ ரிசர்வ் எனப்படும் ஒதுக்கிடங்களுக்குள் தள்ளப்பட்டார்கள். மிருதங்கத்துக்குத் தோல் கட்டியவர்களை மேடையில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம் என்று யோசித்தால் இந்த ஏற்பாடு எளிதில் புரியும்.

அடுத்து பள்ளிக்கூடம். நூறாண்டுகளுக்கும் மேலாக, ஏறத்தாழ 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, அரசு நிதியில் திருச்சபைகள் நடத்திய உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். தாய்மொழியில் பேசினால் தண்டனை. கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் இதைப் 'பண்பாட்டு இனப்படுகொலை' என்றே அழைத்தது. இப்பள்ளிகள் பலவற்றில் ஹாக்கியும் இருந்தது. குழந்தைகளை 'நாகரிகப்படுத்தும்' கருவியாக நிர்வாகம் அதைக் கொடுத்தது. குழந்தைகளுக்கோ அது வதைகளுக்கு இடையே மூச்சுவிடக் கிடைத்த நேரம்.

சஸ்காச்சுவான் மாகாணத்தின் கிரீ சமூகத்தைச் சேர்ந்த ஃபிரெட் சாசகமூஸ் அப்படியொரு பள்ளியில் வளர்ந்தவர். 1953-54 பருவத்தில் என்.ஹெச்.எல். தொடரில் சிகாகோ பிளாக் ஹாக்ஸ் அணிக்காக 11 ஆட்டங்கள் ஆடினார். அத்தொடரில் ஆடிய முதல் பூர்வகுடி வீரர்களில் ஒருவர் அவர். அந்த அணியின் சீருடையில் பொறிக்கப்பட்டிருந்தது ஒரு பூர்வகுடியின் முகம். நெஞ்சில் சின்னமாக இருக்க அனுமதி உண்டு. ஆளாகக் களத்தில் நிற்பதுதான் அரிது. ஊர் திரும்பிய சாசகமூஸ், பூர்வகுடி இளைஞர்களிடம் விளையாட்டை வளர்க்கும் பணியில் பிற்காலத்தைச் செலவிட்டு, 2020இல் கொரோனா தொற்றால் இறந்தார்.

அதெல்லாம் பழங்கதை என்பார்கள். 2018 மே மாதம் கியூபெக் நகரில் நடந்த ஒரு போட்டியில், 13, 14 வயதுப் பூர்வகுடிச் சிறுவர்களின் அணியைக் 'காட்டுமிராண்டிகள்' என்று கூவிக் கேலி செய்ததாகப் புகார் எழுந்தது. 2021இல் எட்மண்டன் ஆயிலர்ஸ் அணி பிளே ஆஃப் சுற்றில் வெளியேறியதும், அதன் கிரீ வீரர் ஈதன் பேர் மீது சமூக ஊடகங்களில் இனவெறி வசவுகள் கொட்டப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி தோற்றதும், ஹரித்வார் அருகே வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்தார்கள். அணியில் தலித்துகள் அதிகமானதால்தான் தோல்வி என்றார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் அவர் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்திருந்தார். வென்றால் தேசத்தின் வெற்றி, தோற்றால் சாதியின் தோல்வி. பனித்தளமானாலும் புல்தரையானாலும் கணக்கு ஒன்றுதான்.

'பொது அணி' என்பதன் விலையையும் பார்க்க வேண்டும். ஸ்கேட், தலைக்கவசம், உடல்காப்புகள், மட்டை என்று ஒரு பிள்ளையைக் களத்தில் இறக்கவே பெரும் செலவு. வளர வளர எல்லாவற்றையும் மறுபடி வாங்க வேண்டும். பனித்தளத்துக்கு மணிக்கணக்கில் வாடகை, ஒவ்வொரு போட்டிக்கும் நெடும்பயணம். இதற்கெல்லாம் ஈடுகொடுக்கும் குடும்பத்தின் பிள்ளைதான் 'திறமைசாலி'யாகக் கண்டறியப்படுகிறது. மறுபக்கம், ஒதுக்கிடங்களில் ஆண்டுக்கணக்கில் நீடித்த குடிநீர் எச்சரிக்கைகளை 2021 மார்ச்சுக்குள் முடிவுக்குக் கொண்டுவருவதாக கனடா அரசு வாக்களித்தது. கெடு முடிந்தது, வாக்கு நிறைவேறவில்லை. குழாய்த் தண்ணீரை நம்பிக் குடிக்க முடியாத ஊரின் பிள்ளையிடம் "திறமை இருந்தால் வா" என்று சொல்வது அழைப்பு அல்ல, கதவடைப்பு.

ஆகவே பிரிவினை இந்தப் போட்டியால் வரவில்லை. ஏற்கெனவே இருக்கும் பிரிவினைக்கு அந்த மக்கள் தந்த பதில்தான் இந்தப் போட்டி. இங்கே வரும் ஒரு சிறுமி முதன்முறையாக, உடைமாற்றும் அறையில் தான் மட்டும் வேறு என்ற உணர்வு இல்லாமல் மட்டையை எடுக்கலாம். அவள் செய்யும் தவறு அவளுடைய தவறாக மட்டுமே இருக்கும். இனத்தின் தவறாக மாறாது. ஆதிக்கச் சமூகத்துப் பிள்ளைகளுக்கு இது பிறப்பிலேயே கிடைக்கும் சலுகை. இதை அவர்கள் சலுகை என்றுகூட அறிவதில்லை.

அதேநேரம், ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கோப்பையோடு கணக்கு தீர்ந்துவிடாது. ஆணையத்தின் 94 பரிந்துரைகளில் 87 முதல் 91 வரையிலானவை விளையாட்டைப் பற்றியவை. ஊர் மட்டத் திட்டங்களுக்கு நிலையான நிதி, வீரர்களின் நீண்டகால வளர்ச்சிக்கான ஏற்பாடு, இனவெறிக்கு எதிரான பயிற்சி ஆகியவற்றை அவை கேட்கின்றன. தொடக்க விழாவில் பூர்வகுடி முழவு ஒலிக்க நின்று கைதட்டிவிட்டு, ஊரில் பனித்தளம் கேட்டால் கைவிரிக்கும் அரசுக்கு இந்தப் போட்டி விளம்பரப் பலகை ஆகிவிடக் கூடாது.

தனிப் போட்டி எதற்கு என்று கேட்பவர்கள் தங்கள் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். பொதுப் போட்டி எப்போது பொதுவாக இருந்தது? பயிற்சியாளர், நடுவர், தேர்வாளர், கழக நிர்வாகி ஆகிய நாற்காலிகளில் யார் அமர்ந்திருக்கிறார்கள்? அதற்குப் பதில் வரட்டும். அதுவரை தனிக் கோப்பையும் வேண்டும், பொது அணியில் உரிய இடமும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பதுதான் உண்மையான பிரிவினை.