உழைப்புக்கு அனுமதி, உறவுக்குத் தடை

திருமலையில் ஆண்டு முழுவதும் கெட்டிமேளம் கேட்கிறது. ஆனால் அதே திருப்பதி, சித்தூர் மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்காகக் கடல் கடக்கும் இளைஞர், சென்ற நாட்டில் ஒரு பெண்ணை விரும்பினால் அவரை மணக்கும் உரிமை அவர் கையில் இல்லை.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் 'ஒர்க் பெர்மிட்'டில் உழைப்பவர், அந்நாட்டுக் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்க மனிதவள அமைச்சகத்தின் முன்அனுமதி பெற வேண்டும். வேலையை விட்டு ஊர் திரும்பிய பின்னரும் இவ்விதி விடாது. திருப்பதியிலேயே தாலி கட்டினாலும் பொருந்தும். மீறியவர் மீண்டும் அந்நாட்டுக்குள் நுழையத் தடை விதிக்கப்படலாம். வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களின் நிலை இன்னும் கொடிது. ஆறு மாதத்திற்கொரு முறை கருப் பரிசோதனை. கருவுற்றால் வேலை பறிபோகும். மலேசியாவிலோ தற்காலிக வேலை அனுமதியில் இருப்போருக்குத் திருமணமே தடை.

எல்லா வெளிநாட்டவருக்கும் இப்படியா என்றால், இல்லை. சிங்கப்பூரில் 'எம்ப்ளாய்மெண்ட் பாஸ்' பெற்ற உயர் ஊதிய அதிகாரி எவரையும் கேட்க வேண்டியதில்லை. தேசமன்று, வர்க்கமே இங்கு அளவுகோல். குடும்பம் அமைந்தால் தொழிலாளி வேரூன்றுவார். வீடு, பள்ளி, மருத்துவமனை கேட்பார். அந்தச் செலவை ஏற்காமல் உழைப்பை மட்டும் உறிஞ்சுவதே மூலதனத்தின் கணக்கு. அவரை வளர்த்த செலவும், முதுமையில் காக்கும் செலவும் சத்தியவேட்டிலோ புத்தூரிலோ உள்ள குடும்பத்தின் தலையில்.

உள்ளூர்ப் பெண்களைக் காக்கவே இவ்விதி என்பாரும் உளர். ஏமாற்றுத் திருமணங்கள் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஏமாற்றுபவன் கொழுத்த ஊதியக்காரனாக இருக்க மாட்டானா? தன் துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கும் அல்லவா மறுக்கப்படுகிறது?

இத்தகைய விதி இந்தியாவுக்கும் புதிதன்று. இந்திய வெளியுறவுப் பணியின் பெண் அதிகாரிகள் மணம் புரிய அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டுமென ஒரு விதி இருந்தது. சி.பி. முத்தம்மா தொடுத்த வழக்கில், 1979இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதன் பாரபட்சத்தைக் கடுமையாகச் சாடினார். அதிகாரிக்கு அநீதியானது கொத்தனாருக்கு மட்டும் நீதியாகுமா?

2005இல் சிங்கப்பூருடன் இந்தியா செய்த பொருளாதார ஒப்பந்தத்தில் தொழில்முறை வல்லுநர்கள் சென்றுவருவதற்கென ஓர் அத்தியாயமே உண்டு. உடலுழைப்பாளிகளுக்கு அதில் இடமில்லை. அவர்களது மண உரிமையை ஒன்றிய அரசு பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுவர வேண்டும். அதுவரையிலேனும், விமானம் ஏறுமுன் இவ்விதியைத் தெலுங்கிலும் தமிழிலும் அச்சிட்டு ஒவ்வொரு தொழிலாளியின் கையிலும் தர வேண்டும்.