"ப்ரீசர்லதான் இருக்கே, எடுத்துப் போடு!"

"எடுத்து வெச்ச கறிதானே, குக்கர்ல போட எவ்வளவு நேரம் ஆகும்?" இப்படிக் கேட்காத ஆண்பிள்ளை எந்த வீட்டிலாவது உண்டா, தோழிகளே?

நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கத்தில். என் கணவர் வழக்கமாகக் கறி எடுப்பது பாலம் தாண்டி உறையூரில். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பையோடு வண்டியில் கிளம்பினால் எட்டு மணிக்குள் வந்துவிடுவார். அன்றைக்கு எடுத்தது அன்றைக்கே குழம்பு. மிஞ்சியது ராத்திரி தோசைக்கு. பிரிட்ஜில் இருப்பது பாலும் மாவும்தான். 2020 ஜூலை, ஆகஸ்டில் ஞாயிறு தோறும் முழு ஊரடங்கு போட்டார்களே, அப்போதுகூட சனிக்கிழமை எடுத்து ஒரு ராத்திரி வைத்திருந்தோம், அவ்வளவுதான்.

2022 நவம்பரில் காவிரிப் பாலத்தை மராமத்துக்காக மூடினார்கள். மறு வருடம் மார்ச்சில்தான் திறந்தார்கள். ஒரு கிலோ கறிக்காக ஊரைச் சுற்றிப் போய் வருவதா? "பதினைஞ்சு நாளைக்கு ஒரேயடியா எடுத்துடலாம்" என்றார். நானும் தலையாட்டினேன். பாலம் திறந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அதிலிருந்து பிடித்தது எனக்குச் சனி. முன்பெல்லாம் கறிச்சமையல் என்றால் ஞாயிறு மட்டும்தான். இப்போது செவ்வாய், வெள்ளி தவிர எந்த நாளும் கறி நாள் ஆகிவிட்டது. ராத்திரி எட்டு மணிக்கு நண்பரோடு வந்து நிற்பார். "ப்ரீசர்லதான் இருக்கே, எடுத்துப் போடு!"

அப்படித்தான் ஒரு நாள். ஒன்றரை கிலோ கறி, கடைக்காரர் கட்டிக் கொடுத்த கவரோடு ஒரே உருண்டையாக, கருங்கல் மாதிரி. வெந்நீரை ஊற்றினேன். மேலே வெளுத்துப் போச்சு, உள்ளே கல் அப்படியே. வந்தவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். குழவியால் நாலு போடு போட்டுப் பாதியைப் பிரித்து வறுத்தேன். மீதியைத் திரும்ப ப்ரீசருக்குள் தள்ளினேன். ரெண்டு நாள் கழித்து அதைக் குழம்பு வைத்தேன். அன்றைக்கு ராத்திரியே என் சின்னவனுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். அவன்தான் அதிகம் சாப்பிட்டிருந்தான். "உருகினதைத் திரும்ப வெச்சீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டதும் எனக்குத் தலை குனிந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். "நீ பார்த்துச் செஞ்சிருக்கக் கூடாதா?"

அவசரப்படுத்தியது யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குளிரில் கிருமி செத்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சாகாதாம், சும்மா தூங்குமாம். கறியை வெளியே வைத்தால் மேல்பக்கம் முதலில் உருகி, உள்ளே கல்லாக இருக்கும்போதே வெளியே கிருமி பெருக ஆரம்பித்துவிடும். சில கிருமிகள் விட்ட விஷம் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். வெந்நீர் ஊற்றுவது, காலையில் சமையல் மேடையில் வைத்துவிட்டு மத்தியானம் எடுப்பது எல்லாமே தப்பு. முதல் நாள் ராத்திரியே ப்ரீசரிலிருந்து எடுத்து, ஒரு கிண்ணத்தில் வைத்து, கீழ்த் தட்டில் வைக்க வேண்டும். ரத்தத் தண்ணீர் காய்கறியில் சொட்டக் கூடாது. அவசரமென்றால் தண்ணீர் புகாத கவரோடு பச்சைத் தண்ணீரில் போட்டு, அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றி, உருகின கையோடு சமைத்துவிட வேண்டும்.

இப்போது கறி வந்ததும், கால் கிலோ, அரை கிலோவாகப் பிரித்து, கவரில் தட்டையாகப் பரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, தேதி எழுதி வைக்கிறேன். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் உருகும். மெதுவாக உறைந்தால் உள்ளே பெரிய பெரிய ஐஸ் ஊசிகளாகி நாரைக் கிழித்துவிடும். உருகும்போது சாறெல்லாம் வடிந்து கறி சக்கையாகப் போவது அதனால்தான். மைனஸ் 18 டிகிரி குளிர் இருந்தால் மாதக்கணக்கில் தாங்கும் என்கிறார்கள். எங்கள் ஒற்றைக் கதவு பிரிட்ஜில் அந்தக் குளிர் எங்கே வருகிறது? பதினைந்து நாளைக்கு மேல் நான் வைப்பதில்லை.

என் மாமியாருக்கு இதெல்லாம் பிடிக்காது. "கரண்ட்டை நம்பிக் கறியை வெக்கிறதா?" என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான். 2012-ல் எனக்குக் கல்யாணமான புதிது. ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது, பிரிட்ஜ் வெறும் பீரோ மாதிரிதான் நின்றது. அவர் உப்பும் மஞ்சளும் போட்டு உப்புக்கண்டம் காயவைத்த கதையைச் சொல்வார். ஆனால் எங்கள் மாடியில் அதைக் கட்டித் தொங்கவிட்டால், பக்கத்து வீட்டு மாமி வற்றல் காயப்போட வருவாரா? இப்போதும் மாதாந்திரப் பராமரிப்பு என்று பகலில் கரண்ட்டை நிறுத்துகிறார்கள். அன்றைக்கு நான் ப்ரீசர் கதவைத் திறப்பதே இல்லை. நிறைந்த ப்ரீசர் மூடியபடி இருந்தால் ரெண்டு நாள் தாங்கும், பாதி காலியென்றால் ஒரு நாள்தான். திறந்து பார்க்கும்போது கறிக்குள் ஐஸ் இருந்தால் அன்றே சமைத்துவிடுவேன். உருகிக் கொழகொழவென்று கிடந்தால் காசைப் பார்க்காமல் குப்பைக்குத்தான்.

ப்ரீசரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருவள்ளுவர் தினத்தன்று கறிக்கடை மூடியிருக்கும், அதுவும் மாட்டுப் பொங்கலில் வந்து விழும். நாத்தனார் குடும்பத்தோடு வரும்போது முன்னாடியே எடுத்து வைக்காமல் முடியுமா? நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். முதல் நாளே சொல்லுங்கள். சொல்லாமல் வந்தால் முட்டைக் குழம்பு. இதை என் கணவரிடம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சொல்லிவிட்டேன். ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

போன சனிக்கிழமை ராத்திரி அவரே வந்து, "நாளைக்கு என் சிநேகிதன் வர்றான், எத்தனை பொட்டலம் கீழ எடுத்து வைக்கட்டும்?" என்று கேட்டார். "மூணு போதுங்க" என்றேன். எடுத்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்த மறந்துவிட்டார், அது வேறு விஷயம்.

— ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்.