பத்து மீட்டர் தூரத்தில் நின்ற நாரை



எலியா தீர்க்கதரிசிக்குக் காகங்கள் ஆகாரம் கொண்டுவந்ததை ஞாயிறு பள்ளி நாள்முதல் நாம் அறிவோம். நம் காலத்தில் ஒரு நாரை ஆகாரம் சுமந்து சென்றதை இவ்வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். விண்வெளி நிலையத்திற்கு ஜப்பானியர் அனுப்பிய ஆளில்லாச் சரக்குக் கலத்துக்குக் ‘கொவுனோதோரி’ என்று பெயர். வெண்ணாரை என்பது அதன் பொருள்.

2015-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். பூமிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் அந்நிலையத்தில் ஆறு பேர் இருந்தனர். அதற்கு முந்தைய மாதங்கள் கவலைக்குரியவை. 2014 அக்டோபரில் ஒன்று, 2015 ஏப்ரலில் ஒன்று, ஜூனில் ஒன்று என அவர்களுக்குப் பொருள் சுமந்து புறப்பட்ட மூன்று கலங்கள் போய்ச் சேராமலே அழிந்தன. ஜூலையில் ரஷ்யக் கலம் ஒன்று பத்திரமாய்ச் சேர்ந்தது. அதன்பின் ஆகஸ்ட் 19 அன்று தனேகாஷிமா தீவிலிருந்து நாரை புறப்பட்டது. உணவோடும் நீரைச் சுத்திகரிக்கும் கருவிக்கான உறுப்புகளோடும் ஐந்து நாள் பயணம் செய்து, 24-ஆம் நாள் நிலையத்தை நெருங்கியது.

என்னைச் சிந்திக்க வைத்தது அது நெருங்கிய விதம். நிலையமும் கலமும் மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருந்தன. ஆயினும் ஒன்றையொன்று நெருங்கும்போது நாரை நிமிஷத்திற்குச் சில மீட்டர் மாத்திரமே நகர்ந்தது. கீழிருந்து மேல்நோக்கி வந்து 300 மீட்டரில் நின்றது. மறுபடியும் 30 மீட்டரில் நின்றது. பத்து மீட்டர் இடைவெளியில் முற்றிலும் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் அது தானாக வரவில்லை. தன் உந்துபொறிகளையும் அமர்த்திவிட்டு அசையாதிருந்தது. அதன்பின் நிலையத்துக்குள்ளிருந்த கிமியா யுயி என்னும் விண்வெளி வீரர் இயந்திரக் கையை நீட்டி அதைப் பற்றிக்கொண்டார். பொறிகளை ஏன் அமர்த்த வேண்டும்? பற்றுகிற கையோடு அவை போராடக்கூடாது என்பதற்காகவே.

இன்னொன்றும் உண்டு. அந்த நேரமெல்லாம் உள்ளே இருந்தவர்களிடம் ஒரு பலகை இருந்தது. ‘நில்’, ‘பின்வாங்கு’, ‘விலகிப்போ’ என்று கலத்துக்குக் கட்டளையிடும் பொத்தான்கள் அதில் இருந்தன. உணவுக்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள்தாம். கொண்டுவருகிறதை நிறுத்தும் அதிகாரமும் அவர்கள் கையில்தான் இருந்தது.

இத்தனை எச்சரிக்கை வீண் அன்று. 1997 ஜூன் 25 அன்று மீர் நிலையத்தில் நடந்ததைச் சிலர் நினைவில் வைத்திருக்கலாம். சரக்கை இறக்கியபின் விலக்கி நிறுத்தியிருந்த கலத்தைச் சோதனைக்காகக் கைமுறையாய் இயக்கி மறுபடியும் இணைக்க முயன்றார்கள். வேகம் தணியவில்லை. கலம் ‘ஸ்பெக்டர்’ என்ற பகுதியில் மோதியது. உள்ளிருந்த காற்று கசியத் தொடங்கியது. அவ்வழியே சென்ற மின்கம்பிகளைத் துண்டித்துவிட்டு வாசலை அடைத்தபோதுதான் மூவரும் பிழைத்தார்கள். அவர்களில் ஒருவருக்கு அப்பகுதியே உறங்கும் இடம். அவருடைய உடைமைகள் அடைத்த வாசலுக்கு அப்பால் போயின. அவர்களை வதைக்க ஒருவரும் அக்கலத்தை அனுப்பவில்லை. அது அவர்களைப் போஷிக்க வந்த கலமே.

சபையாரே, நாம் கிறிஸ்துமஸ் காலத்தில் கொண்டுபோகிற அரிசிப் பையும் சேலையும் நாரையைப்போல் போகின்றனவா, மீரை மோதிய கலத்தைப்போல் போகின்றனவா? வீட்டாரை முன்னதாக ஒரு வார்த்தை கேட்பதில்லை. பத்துப் பேராய்த் தெருவில் பாடிக்கொண்டு போகிறோம். வாசலில் நிறுத்திப் படம் எடுக்கிறோம். மறு ஞாயிறு பெயரை வாசிக்கிறோம். இதில் முதல் குற்றவாளி நானே. சில ஆண்டுகளுக்கு முன் நம் சபையின் ஒரு தாயாருக்கு இப்படிச் செய்தேன். அடுத்த ஆண்டு தம் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்படி அவர் சொல்லியனுப்பினார். அவருடைய தேவை தீர்ந்துவிடவில்லை. முன்னிலும் அதிகமாயிருந்தது என்பதைப் பிற்பாடு அறிந்தேன். ஆராதனைக்கு வருவதையும் அவர் குறைத்துக்கொண்டார். அரிசி கொடுத்து ஓர் ஆத்துமாவை ஆலயத்திலிருந்து தூரப்படுத்தினேன்.

போவாஸை எண்ணிப் பாருங்கள். ரூத்துக்கு ஒரு மூட்டை தானியத்தை எல்லாருக்கும் முன்பாக அவன் அன்றைக்கே கொடுத்திருக்கலாம். அவனோ, அரிக்கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே சிலவற்றைச் சிந்தும்படி தன் வேலைக்காரருக்குச் சொன்னான். அவளை வெட்கப்படுத்த வேண்டாம் என்றும் கட்டளையிட்டான். அவள் தன் கையால் பொறுக்கி, தன் உழைப்பென்றே நகோமியிடம் கொண்டுபோனாள். பெதஸ்தா குளத்தருகே 38 வருஷம் வியாதியாய்க் கிடந்தவனிடம் நம் ஆண்டவர் முதலாவது அவன் விருப்பத்தைக் கேட்டார். சர்வ வல்லமையுள்ளவர் கேட்டார், நாம் கேட்பதில்லை.

கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா என்று நம் பொருளாளர் கேட்கிறார். நியாயமான கேள்வி. காணிக்கைப் பணத்தில் ஒளிவுமறைவு கூடாது. ஆனால் அதற்குப் பதிவேடு போதும். இரண்டு மூப்பர்கள் அதில் கையொப்பமிட்டால் போதும். ஏழையின் முகம் ரசீது அன்று. உற்சாகமாய்க் கொடுப்பவர்கள் படம் இல்லாவிட்டால் குறைந்துபோவார்கள் என்றும் சிலர் அஞ்சுகிறார்கள். குறையட்டும். ஐம்பது வீடுகளை வெட்கப்படுத்துவதிலும் முப்பது வீடுகளுக்குக் கண்ணியமாய்க் கொடுப்பதே மேல் என்பது என் எண்ணம்.

ஆகையால் இவ்வாண்டு நான் கேட்டுக்கொள்வது இது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவர் அல்லது இருவர் மாத்திரம், ஒரு வாரம் முன்னதாக, வெறுங்கையோடு போகட்டும். வரலாமா, எப்போது வரலாம், என்ன தேவை என்று விசாரிக்கட்டும். வேண்டாம் என்று சொன்னால் மனம் கோணாமல் திரும்பி வரட்டும். அந்தத் தாயாரின் வீட்டுக்கு நானே போகிறேன். அவர் கதவைத் திறக்காமலும் இருக்கலாம். அந்தப் பொத்தான் அவர் கையில் இருக்கிறது.

வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் மூப்பர்கள் கூடும்போது இதை முன்வைக்கவிருக்கிறேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் அதற்கு முன்பே என்னிடம் வந்து பேசுங்கள். சனிக்கிழமை மாலை போதகர் இல்லத்தில் இருப்பேன்.

ஜெபத்துடன்,
உங்கள் போதகர்