தழும்பின் நீளம்

சென்ற பருவத்தில் எங்கள் விலங்கியல் மன்றக் கூட்டமொன்றில் நண்பர் ஒருவர் நுண்துளை அறுவை பற்றிச் சுவைபடப் பேசினார். "வயிற்றைக் கிழிக்கும் காலம் மலையேறிவிட்டது" என்று அவர் முடித்தபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நானும் தட்டினேன். ஆனால் விடுதிக்குத் திரும்புகையில் என் பெரியப்பாவின் வயிற்றுத் தழும்பு நினைவுக்கு வந்தது. மார்புக் குழியிலிருந்து தொப்புள்வரை நீளும் தழும்பு அது.

குடற்புண் முற்றி இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ ஓட்டை விழுந்தால் அமிலமும் உணவும் வயிற்றறைக்குள் கசியும். வயிறு பலகைபோல் இறுகும். மருத்துவர் செய்வதென்ன? குடலுக்கு முன்னால் முந்தானைபோல் தொங்கும் கொழுப்புப் படலத்தை இழுத்து ஓட்டையின்மீது ஒட்டுப்போட்டு, வயிற்றறையைக் கழுவிவிடுகிறார். டொரான்டோ நகரின் ராஸ்கோ கிரகாம் 1937இல் விளக்கிய முறை இது. 1990இல் பிரான்சின் ஃபிலிப் மூரே குழுவினர் சிறு துளை வழியே காமிராக் குழாயைச் செலுத்தி, அதே படலத்தைப் பசைகொண்டு ஒட்டிக் காட்டினர். ஆக, மாறியது வாசல்தான்; உள்ளே நடப்பது பழைய ஒட்டுப்போடும் வேலையே!

வாசல் சிறிதானால் வலி குறைவு. காயத்தில் சீழ் பிடிப்பதும் குறைவு. மூட்டை தூக்கிப் பிழைப்பவருக்கு இது சிறிய நன்மையன்று. ஆயினும் இரத்த அழுத்தம் வீழ்ந்து துவண்டு வருபவருக்கு, வயிற்றில் வாயு நிரப்பிச் செய்யும் இம்முறை ஏற்றதன்று. அங்கே நீண்ட கீறலே துணை.

துளையின் அளவைவிட எனக்குப் பெரிதாகப் படுவது நேரம். டென்மார்க்கில் 2,668 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கணக்கின்படி, மருத்துவமனையில் சேர்ந்தபின் அறுவை தொடங்கும்வரை கழியும் ஒவ்வொரு மணிக்கும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 2.4 விழுக்காடு குறைகிறது. வீட்டிலேயே நாம் கழிக்கும் மணிகள் அக்கணக்கில் இல்லை!

இந்நோய்க்கு ஹெலிக்கோபாக்டர் பைலோரி என்னும் கிருமி ஒரு காரணம். வலி மாத்திரை மற்றொன்று. பெரியப்பா மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினார். வயிறு எரிந்தால் சோடா குடிப்பார். ஓட்டை விழுந்த இரவில் "வாயுப் பிடிப்பு" என்று ஓமத்தண்ணீர் கொடுத்தோம். காய்ச்சிக் கொடுத்தவன் நான்தான், விலங்கியல் படிப்பவன்! விடிந்த பிறகே வண்டி பிடித்தோம். அரசு மருத்துவமனையில் வயிற்றைத் திறந்து காப்பாற்றினார்கள். "இந்தக் காலத்திலும் இவ்வளவு பெரிய கிழிசலா?" என்று ஊரார் கேட்டபோது எனக்குப் பேச வாய் வரவில்லை.

அடுத்த கூட்டத்தில் காமிராவைப் பற்றிப் பேசுமுன், அந்த ஓமத்தண்ணீரைப் பற்றிப் பேச எனக்கு ஐந்து நிமிடம் தருவாரா நண்பர்?