விலாசம் மட்டும் போய்ச் சேர்ந்தது!

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஜூன் மாதம் தலை கிறுகிறுக்கச் செம்மேட்டில் இறங்கி, ஒரு டீக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்துப் பெஞ்சில் ஒரு தாயும் மகளும். தாயின் முகத்தில் ஈயாடவில்லை.

பெண்ணுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. சாதிச் சான்றிதழ் மாலைக்குள் போய்ச் சேரவேண்டும். ஊரில் சிக்னல் இல்லையென்று அண்ணனின் லாப்டாப்பைச் சுமந்துகொண்டு செம்மேட்டுக்கு வந்து, அனுப்பியும் ஆயிற்று. "திறக்கவில்லை" என்று பதில்!

"இங்கே நல்லாத் திறக்குதுங்க அக்கா!" என்று காட்டினாள் பெண். திறக்கத்தான் செய்தது. ஆனால் அவள் அனுப்பியது சான்றிதழை அல்ல. திரையின் உச்சியில் தெரிந்த அதன் விலாசத்தை! 'ஃபைல்' என்று தொடங்கி, 'சி' என்று ஏதோ நீண்டது.

கொல்லிமலையில் 14 ஊராட்சிகள். ஒவ்வொன்றும் ஒரு 'நாடு'. மலைக்குள்ளே "தேவனூர் நாட்டுக்காரர்" என்றால் போதும். சென்னையிலிருந்து கடிதம் போடுகிறவருக்கு அது போதுமா? கொல்லிமலை, நாமக்கல் மாவட்டம் என்று எழுதவேண்டும். 1972 ஆகஸ்ட் 15 முதல் 6 இலக்கப் பின்கோடும் சேர்ந்துகொண்டது.

கம்ப்யூட்டர் விலாசமும் அப்படித்தான். முதல் சொல்லைப் பாருங்கள். 'ஃபைல்' என்றால் பொருள் இந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அடுத்த வீட்டுப் பெட்டி அதை அறியாது. 'எச்.டி.டி.பி.எஸ்.' என்றால் எங்கோ உள்ள இன்னொரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. அனுமதி இருந்தால் எங்கிருந்தும் எட்டலாம். 1994 டிசம்பரில் டிம் பெர்னர்ஸ்-லீயும் இருவரும் இந்த விலாசங்களுக்கு விதி எழுதியபோதே, 'ஃபைல்' வகையால் ஒரு கம்ப்யூட்டருக்கும் இன்னொன்றுக்கும் இடையே பெரிய பிரயோசனம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நம் காதில்தான் விழவில்லை!

மூன்றாவதாக ஒரு மாய வகையும் உண்டு. பெயர் நம் லாப்டாப்பில் தெரியும். பொருள் தொலைவில் இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் குட்டி மேகப் படம் இருந்தால் உஷார், சகோதரிகளே! சிக்னல் போனால் அதுவும் போச்சு. நேர்முகத் தேர்வுக்குப் புறப்படுமுன் வீட்டிலேயே ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழையே இணைத்து அனுப்பினோம். டீ ஆறுவதற்குள் "கிடைத்தது" என்று பதில். பெண் சிரித்தாள், அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பலாப்பழம் அனுப்பறேன், விலாசம் எழுதிக் கொடு கண்ணு" என்றார்.

பின்கோடு உட்பட எழுதிக் கொடுத்தேன்.