தூண்டினால் பிறந்துவிடுமா?

‘மூளையின் ஏற்பிகளைத் தூண்டுங்கள், புது நியூரான்கள் தானாகப் பிறக்கும்’ என்று சென்ற இதழில் முழங்கிய கட்டுரையாளர், ஒரே ஒரு எலி ஆய்வை நம்பிக் களத்தில் இறங்கியிருக்கிறார். அதையாவது கடைசிவரை படித்தாரா?

2003இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ரெனே ஹென் குழு செய்த ஆய்வு அது. பசித்த சுண்டெலியை வெளிச்சமான புது இடத்தில் விடுவார்கள். நடுவில் தீனி. பயந்த எலி ஓரத்திலேயே பதுங்கும். சில வாரம் ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்து கொடுத்த எலியோ சீக்கிரமே போய்க் கொறிக்கும். மூளையின் வேதித்தூதரான செரோட்டோனினை வாங்கும் 1ஏ ஏற்பி இல்லாத எலிகளிடம் மருந்து பலிக்கவில்லை. புது நியூரான்களும் கூடவில்லை. இதுவரை கட்டுரையாளர் சொன்னது சரி. அதே எலிகளிடம் இமிப்ரமின் என்ற பழைய மருந்து பலித்ததே, அதை ஏன் விழுங்கிவிட்டார்? 2008இல் ஹென்னும் சேர்ந்து எழுதிய ஆய்வில், வேறு ரக எலிகளிடம் ஃப்ளூவாக்ஸெட்டின் பலிக்க அந்த ஏற்பியும் தேவைப்படவில்லை, புது நியூரான்களும் தேவைப்படவில்லை. இதைப் பற்றி மூச்சே இல்லை.

‘எந்த ஏற்பியானாலும் விதி ஒன்றுதான்’ என்கிறாரே, அதுதான் உச்சம். இன்னொரு வேதித்தூதரான குளூட்டமேட்டை வாங்கும் என்எம்டிஏ ஏற்பியைப் பார்ப்போம். 1995இல் கேமரன், மெக்யூவன், கூல்ட் மூவரும் வளர்ந்த எலிகளில் அதை அடைத்தார்கள். மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகேம்பஸில், டென்டேட் கைரஸ் என்ற இடத்தில் செல் பிறப்பு கூடியது. தூண்டினார்கள், குறைந்தது. அப்படியே தலைகீழ். சரி, அடைத்துவிட்டால் தீர்ந்ததா? 2006இல் பிரெட் கேஜ் குழு, புதிதாகப் பிறந்த நியூரான்களில் மட்டும் அந்த ஏற்பியை நீக்கிப் பார்த்தது. சில வாரங்களுக்குள் அவற்றில் பல மடிந்தன. பிறப்பை அடக்கும் ஏற்பியே பிறந்ததைக் காப்பாற்றவும் செய்கிறது! காபா என்ற வேதித்தூதரை வாங்கும் ஏற்பி இன்னொரு கதை: மூலச்செல்களை அது தூங்கவைக்கிறது என்று 2012இல் ஹாங்ஜுன் சாங் குழு காட்டியது. எந்தச் செல், அதற்கு என்ன வயது என்று கேட்காமல் ‘தூண்டுங்கள்’ என்பவர், நோயாளியைப் பார்க்காமலே ஊசி போடுகிறவர்.

மனிதருக்கு ‘தினமும் 700’ புது நியூரான்கள் என்று அவர் சொல்லும் கணக்கும் 2013இல் வந்த ஒரு மதிப்பீடுதான். 2018இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, பெரியவர்களிடம் புது நியூரான்கள் தென்படவே இல்லை என்றது. அடுத்த மாதமே இன்னொரு குழு அதை மறுத்தது. இந்தச் சண்டை பற்றி வாசகருக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

கடைசியில் செரோட்டோனினுக்காகத் தினம் இரண்டு வாழைப்பழம் சாப்பிடச் சொல்கிறார். வாழைப்பழத்தில் செரோட்டோனின் இருப்பது உண்மை. தின்ற செரோட்டோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது என்பதும் உண்மை. ஆனாலும் சாப்பிடுங்கள், மலச்சிக்கலுக்கு நல்லது.